வெள்ளம் வடிந்தது உடம்புக்குத் தெரியவில்லை: பெரியவர்களின் மனக்காயத்தைக் கண்டறிந்து ஆற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

நாகப்பட்டினத்தில் எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் இருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த குடியிருப்பில், கடலை விட்டுத் தள்ளி வீடு. ஒருநாள் இரவு பக்கத்து வீட்டில் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டார்கள். மாடித் தொட்டி நிரம்பித் தண்ணீர் சுவரோரம் சடசடவென்று கொட்டியது. இவருக்கு நினைவு தெளிந்தபோது தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மஞ்சள் பை. ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் வைத்து எப்போதும் தலைமாட்டிலேயே இருக்கும் பை அது. மற்றொரு கையில் கல்லூரிக்குப் போகும் மகளின் மணிக்கட்டு. “அம்மா, கை வலிக்கிறது, விடு” என்று மகள் கத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வழக்கம்போல நெஞ்சு அடைத்தது. வழக்கம்போல ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள், வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இருபது வருடமாக இதே கதைதான். மார்கழி பிறந்தால் தூக்கம் போய்விடும், தை பிறந்தால் கொஞ்சம் திரும்பும். “எனக்கு கேஸ் டிரபிள் அக்கா” என்றுதான் அவரும் சொல்வார்.

2004 டிசம்பர் 26 காலையில் வந்த தண்ணீர் வடிந்துவிட்டது என்று அவருடைய அறிவுக்குத் தெரியும். உடம்புக்கு அதை யாரும் சொல்லவில்லை. மனக்காயம் என்று நான் சொல்லப்போவது இதைத்தான். அந்தச் செய்தியை உடம்புக்குப் புரிகிற விதத்தில், சரியான வரிசையில் சொல்லிக்கொடுப்பதுதான் ஆற்றுதல். வரிசை ரொம்ப முக்கியம். அதைத் தலைகீழாகச் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் செய்த தவறு

2005 ஜனவரியில் தன்னார்வலர் குழு ஒன்றோடு அந்தக் கரைக்குப் போனேன். அப்போது எனக்கு 23 வயது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். எங்கள் கையில் ஒரு நோட்டும் இரண்டு நாள் பயிற்சியும் இருந்தன. “நடந்ததையெல்லாம் சொல்லுங்கள், அழுதுவிடுங்கள், பாரம் குறையும்” என்று ஒவ்வொரு கூடாரமாகப் போய்க் கேட்டோம். ஒரு பெரியவர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், “நேற்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் பாப்பா, அவர்களிடம் கேட்டுக்கொள்” என்றார். கையில் வலை இல்லாமலே வலை பின்னுவதுபோல அவர் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பேரிடர் நடந்த சில நாட்களுக்குள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரே மூச்சில் சொல்லவைக்கும் முறை 1990களில் உலகெங்கும் பிரபலமாக இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அதனால் மனக்காயம் தடுக்கப்படுவதில்லை என்று காட்டின. சிலருக்கு நிலைமை மோசமாகவும் ஆகியிருக்கிறது. இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி. யாருக்கு உடனடி ஆபத்து, என்ன தேவை என்று பார். அவர்களாகச் சொன்னால் கேள். வேண்டிய உதவியோடும் சொந்தங்களோடும் சேர்த்துவை. தோண்டாதே. அன்று நாங்கள் நோட்டை மூடிவைத்துவிட்டு, காணாமற்போன உறவினர்களின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க உதவியிருந்தால் நல்லது செய்தவர்களாக இருந்திருப்போம்.

நம் ஊரில் இரண்டே மருந்துதான் தெரியும். ஒன்று “மறந்துவிடு”, இன்னொன்று “கொட்டிவிடு”. இரண்டுமே வரிசை தெரியாத வைத்தியம்.

எது காயம், எது இயல்பான துக்கம்?

பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு முதல் சில வாரங்கள் தூக்கம் வராமல் இருப்பதும், காட்சி திரும்பத் திரும்ப வருவதும், சின்னச் சத்தத்துக்குத் துள்ளி எழுவதும் நோய் அல்ல. உடம்பு தன் வேலையைச் செய்கிறது. பெரும்பாலானவர்களுக்குச் சொந்தபந்தம், சோறு, கூரை, பதினாறாம் நாள் காரியம், பழைய வேலை என்று வாழ்க்கை கூடிவரும்போது அது தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதம் தாண்டியும் அடங்காமல் வேலையையும் உறவையும் கெடுத்தால்தான் மருத்துவம் அதற்குப் பி.டி.எஸ்.டி. என்று பெயர் வைக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980இல்தான் அந்தப் பெயர் ஏறியது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் போராடியதும் அதற்கு ஒரு காரணம். தமிழில் இதை மனவடு, உளவடு என்றெல்லாம் சொல்கிறோம். யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் ‘நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய்’ என்று முழுப்பெயரே வைத்திருக்கிறார்கள்.

காயத்துக்குச் சுனாமிதான் வரவேண்டும் என்பதில்லை. சாலை விபத்து, பாலியல் வன்முறை, கணவனின் அடி, வயிற்றிலேயே இறந்த குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கழிந்த பத்து நாட்கள், வாசலில் நின்று ஏசிய கடன்காரர்கள் என எதுவும் காரணமாகலாம். ஒரே வீட்டில் ஒரே சம்பவத்தைப் பார்த்த இருவரில் ஒருவர் தேறுவார், ஒருவர் தேறமாட்டார். மனத்திடம் குறைவு என்று இதற்குப் பொருள் இல்லை. அந்த நேரத்தில் தப்பிக்க வழி இருந்ததா, முன்பே காயம் இருந்ததா, பிறகு பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பவையெல்லாம் இதில் சேரும்.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால்: மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி காவல்காரன். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி கணக்குப்பிள்ளை. எந்த நினைவுக்கும் தேதியும் இடமும் எழுதி அடுக்கிவைப்பது அதன் வேலை. உயிர்பயத்தில் காவல்காரன் போடும் கூச்சலில் கணக்குப்பிள்ளையால் சரியாக எழுத முடிவதில்லை. நினைவு தேதி இல்லாமல் தங்கிவிடுகிறது. அதனால்தான் தொட்டித் தண்ணீரின் சத்தம் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு ‘அன்று’ நினைவுக்கு வரவில்லை. அவர் ‘அன்றிலேயே’ போய் நின்றார்.

அடையாளம் காண்பது

மருத்துவ நூல்கள் அறிகுறிகளை நான்கு கூட்டமாகப் பிரிக்கின்றன. சம்பவம் கனவாக, காட்சியாக, உடல் பதற்றமாகத் திரும்பி வருவது. அதை நினைவூட்டும் இடம், பேச்சு, ஆட்களிடமிருந்து ஒதுங்குவது. மனம் இருண்டு, தன்னையே பழித்து, யாரோடும் ஒட்டாமல் போவது. எந்நேரமும் உஷாராக இருப்பது, எரிந்துவிழுவது, தூங்க முடியாமல் போவது. அந்த மஞ்சள் பை நான்காவது கூட்டம். அந்தப் பெண் இருபது வருடமாகக் கடற்கரைக்குப் போகாதது இரண்டாவது.

ஆனால் நம்மவர்கள் யாரும் ‘எனக்கு மனவடு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. வாயு என்பார்கள், நரம்புத் தளர்ச்சி என்பார்கள். தலைபாரம், கைகால் குடைச்சல், உடம்பெல்லாம் எரிச்சல் என்பார்கள். ஆண்கள் பெரும்பாலும் குடியாகவோ கோபமாகவோ வருவார்கள். அதுவும் தாங்களாக வருவதில்லை, மனைவி இழுத்துக்கொண்டு வருவார். “விபத்துக்குப் பிறகுதான் இவர் இப்படி ஆகிவிட்டார்” என்ற ஒரு வரியை அவர் போகிறபோக்கில் சொல்வார். அந்த வரியைத் தவறவிட்டால் எல்லாம் தவறிவிடும்.

பளிச்சென்று தெரியாத இன்னொன்று உண்டு: மரத்துப்போதல். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதே பார்வை எங்கோ நிலைகுத்தி நிற்கும். கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் திரும்புவார். ‘பிரமை பிடித்தாற்போல’ என்று வீட்டில் சொல்வார்கள். இவர்களை “எவ்வளவு தைரியசாலி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை” என்று ஊர் மெச்சும். எனக்கு அதிகம் கவலை தருவது இவர்கள்தான்.

சிறுவயதில் பட்டது தனிக் கணக்கு. ‘அடியாத மாடு படியாது’ என்று சொல்லியே வளர்த்த ஊர் இது. தினமும் பெல்ட்டால் அடிவாங்கிய பிள்ளைக்கும், சொந்தக்காரர் ஒருவரின் தொல்லையை வெளியில் சொல்லமுடியாமல் விழுங்கிய பிள்ளைக்கும் ‘முன்பு நன்றாக இருந்தேன்’ என்று சொல்ல ஒரு ‘முன்பு’ கிடையாது. காயம் குணமாகவே மாறிவிடுகிறது. அதிகாரி சற்றே குரல் உயர்த்தினால் வியர்த்துக்கொட்டும். அன்பாக நடந்துகொள்பவர்மேல் சந்தேகம் வரும். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்பது கருத்தாக இல்லாமல் உண்மையாகவே தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த பதிப்பு இதைச் சிக்கலான மனவடு என்று தனியாகவே வைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1998இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சிறுவயதில் பட்ட துன்பங்களின் எண்ணிக்கை கூடக் கூட, பெரியவர்களானதும் மனச்சோர்வு, குடி மட்டுமின்றி இதயநோயும் கூடுவதைக் காட்டியது. உடம்பு மறப்பதில்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

சந்தேகம் இருந்தால் இந்த ஐந்து கேள்விகளை உங்களையே கேட்டுப்பாருங்கள். ஆரம்ப நிலை மருத்துவமனைகளில் பயன்படும் ஒரு சிறு பட்டியலின் சாரம் இது. கடந்த ஒரு மாதத்தில், அந்தச் சம்பவம் கெட்ட கனவாகவோ வேண்டாத நினைவாகவோ வந்ததா? அதை நினைக்காமலிருக்க, அதை நினைவூட்டும் இடத்துக்குப் போகாமலிருக்க மெனக்கெட்டீர்களா? எப்போதும் உஷாராக, சட்டென்று திடுக்கிடுகிறவராக இருந்தீர்களா? மனிதர்களிடமிருந்தும் சூழலிலிருந்தும் மரத்து விலகிப்போனதாக உணர்ந்தீர்களா? நடந்ததற்கு உங்களையோ பிறரையோ விடாமல் பழித்துக்கொண்டீர்களா? மூன்று அல்லது அதற்குமேல் ‘ஆம்’ என்றால் மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்ப்பது நல்லது. பட்டியலே முடிவாகிவிடாது, அவரைப் பார்க்கப் போவதற்கான காரணம், அவ்வளவுதான். நெஞ்சுவலி இருந்தால் முதலில் ஈ.சி.ஜி. எடுங்கள். படபடப்பு இருந்தால் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடுங்கள். எல்லாமே மனம் என்று தள்ளிவிடுவதும் ஒரு தவறுதான்.

முதல் படி: ஆபத்து முடிந்துவிட்டதா?

இதைக் கேட்காமல் வேறு எதையும் தொடங்கக்கூடாது. இரவானால் அடிக்கும் கணவனோடு இருப்பவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது அநியாயம். அவருடைய உடம்பு பொய்யாகப் பயப்படவில்லை, உள்ளதைத்தான் சொல்கிறது. முதலில் 181 பெண்கள் உதவி எண், பாதுகாப்பு அலுவலர், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி கிடைக்கும் பாதுகாப்பு உத்தரவு, நம்பிப் போகத் தாய்வீடோ தோழி வீடோ. பிறகுதான் மனம்.

சாகத் தோன்றுகிறது என்றால் இந்த வழிகாட்டியை இங்கேயே நிறுத்திவிட்டு 14416 என்ற எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மாத்திரைப் பட்டைகளையும் இன்றே வேறொருவர் பொறுப்பில் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு கொடிய மணி நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பது உயிரைக் காப்பாற்றுகிறது.

இரண்டாம் படி: உடம்பை இன்றைய தேதிக்குக் கொண்டுவருதல்

பழைய பயம் பிடித்துக்கொள்ளும்போது புத்திமதி வேலை செய்யாது. காவல்காரனுக்கு வாதம் புரியாது. அவனுக்குப் புரிவது கால், கை, கண், காது, மூச்சு.

இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து அழுத்துங்கள். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு எதிரில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். காதில் விழும் மூன்று சத்தங்களை எண்ணுங்கள். பிறகு இன்றைய கிழமை, தேதி, வருடம், இருக்கும் ஊர், உங்கள் இப்போதைய வயது எல்லாவற்றையும் உரக்கச் சொல்லுங்கள். ‘இன்று வியாழன். என் பெண்ணுக்கு 18 வயது. இது எங்கள் வீட்டுச் சமையலறை.’ கேட்பவருக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றும். தேதி இல்லாத நினைவுக்குத் தேதி போடும் வேலை அது. அதன்பின் மூச்சு: நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. வெளிமூச்சு நீளமாக இருக்கவேண்டும். இதயத்துடிப்பைத் தணிப்பது அதுதான். ஐந்து நிமிடம் போதும்.

இதில் ஓர் எச்சரிக்கை. எல்லா உத்தியும் எல்லோருக்கும் ஒத்துவராது. பதற்றம் வந்தால் முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொள்ளுங்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அந்த நாகப்பட்டினத்துப் பெண்ணிடம் நானும் சொன்னேன். மூக்கில் கடல்நீர் ஏறி மூச்சுமுட்டிப் பிழைத்தவரிடம் அப்படிச் சொல்லலாமா என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு கை தண்ணீர் முகத்தில் பட்டதும் அவர் உட்கார்ந்த இடத்திலேயே விறைத்துப்போனார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: முந்தானை முடிச்சில் ஒரு துண்டு எலுமிச்சைத் தோல். கிள்ளி முகர்ந்தால் இந்த நிமிடத்துக்கு வந்துவிடுவார். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும் தியானமும் சிலருக்குப் பயத்தைக் கூட்டும். அப்படியானால் விட்டுவிடுங்கள்; கண் திறந்து நடங்கள், கோலம் போடுங்கள், மாவு பிசையுங்கள்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போரில் அடிபட்ட மக்களிடம் பணியாற்றியபோது அவரவர் வழக்கத்தில் ஏற்கெனவே இருந்தவற்றையே கையில் எடுத்தார். இந்துவுக்கு மந்திர உச்சாடனம், கத்தோலிக்கருக்குச் செபம், முஸ்லிமுக்குத் திக்ர். ஒரே சொல்லை ஒரே தாளத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சு தானாக நீள்கிறது. உங்கள் பாட்டி செய்துவந்தது உங்களுக்கும் ஒத்துவந்தால் புதிதாக எதையும் கற்கவேண்டியதில்லை.

பயம் இல்லாத நேரத்தில்தான் பழகவேண்டும். ஆற்றில் இழுத்துப்போகும்போது நீச்சல் கற்கமுடியாது. தினமும் இரண்டு வேளை, மூன்று வாரம் பழகுங்கள். அதுவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: தூக்கம்

தூக்கம் தேறாமல் மனம் தேறாது. படுக்கும் நேரத்தைவிட எழுந்திருக்கும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்வது முக்கியம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். மாலைக்குப் பிறகு டீ, காபி வேண்டாம். மது குடித்தால் தூக்கம் வருவதுபோலத் தோன்றும். பின்னிரவில் அதுவே எழுப்பிவிடும், கனவும் கூடும். இருட்டு பயமென்றால் சின்ன விளக்கு எரியட்டும். மஞ்சள் பை தலைமாட்டில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், இப்போதைக்கு அதைப் பிடுங்காதீர்கள்.

ஒரே கெட்ட கனவு மீண்டும் மீண்டும் வந்தால், பகல் வெளிச்சத்தில் அதன் முடிவை மட்டும் மாற்றி எழுதி, தினமும் பத்து நிமிடம் அந்தப் புதிய கனவை மனத்தில் ஓட்டிப்பாருங்கள். விளையாட்டுபோலத் தோன்றும் இது பலருக்குக் கனவின் கொடுமையைக் குறைக்கிறது.

தூக்க மாத்திரை விஷயத்தில் நான் கண்டிப்பானவள். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கும் அல்பிரசோலம் வகை மாத்திரைகள் பழக்கத்தில் விடும், மனவடுவை ஆற்றாது. அதிர்ச்சியின் முதல் மாதத்தில் அவற்றைக் கொடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லிவிட்டது. ஏற்கெனவே நீண்டகாலமாகச் சாப்பிடுகிறவர் சட்டென்று நிறுத்தவும் கூடாது; மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

நான்காம் படி: சொல்வது

இப்போதுதான் சொல்லும் நேரம். இதைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து செய்யாதீர்கள். பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

மனவடுவுக்கென்றே வடிவமைத்த பேச்சு சிகிச்சைகள் சில இருக்கின்றன. சம்பவத்தைப் பாதுகாப்பான அறையில் திரும்பத் திரும்ப விவரித்து, ஒதுக்கிய இடங்களுக்கு மெல்லத் திரும்பும் முறை ஒன்று. வாரம் ஒருமுறையாக 8 முதல் 15 அமர்வுகள்வரை போகும். நினைவை மனத்தில் வைத்துக்கொண்டே கண்ணை இடமும் வலமும் அசைக்கும் ஈ.எம்.டி.ஆர். முறை இன்னொன்று; பிரான்சின் ஷாபிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது தற்செயலாகத் தோன்றிய யோசனை என்று அவரே சொல்லியிருக்கிறார். மூன்றாவது, எனக்குப் பிடித்தது, வாழ்க்கையை வரிசையாகச் சொல்லும் முறை. போரும் அகதி வாழ்வும் பார்த்தவர்களுக்காக உருவானது. இலங்கையின் வடகிழக்கில் போரும் சுனாமியும் கண்ட பிள்ளைகளிடம் பயன்படுத்தி, பலன் கண்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு கயிறு போதும். கயிறுதான் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். அந்தப் பெண் கயிற்றின் முதல் முழத்திலேயே நாலு பூ வைத்தார்: பிறந்த ஊர், அப்பாவோடு மாதா கோவில் திருவிழா, கல்யாணம், மூத்த பையன். பிறகு ஒரு கல்லை எடுத்து வைத்தார். கையில் கிடைத்ததிலேயே பெரிய கல். வைத்துவிட்டு எழுந்துவிட்டார், முடிந்துவிட்டது என்று. கயிறு இன்னும் சுருட்டியபடி கிடந்தது. அதைப் பிரித்துவிட்டு, “இது எந்த வருடம்?” என்று கேட்டார் சிகிச்சை அளித்தவர். இவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “2007. பாப்பா பிறந்தாள்” என்றார். பூ. “தையல் மிஷின் வாங்கினேன்.” பூ. ஒரு சிறு கல், மாமியாரின் மறைவு. மறுபடியும் பூ. கல்லுக்கு இந்தப் பக்கம் இவ்வளவு கயிறு கிடந்தது அவருக்கே தெரியாது.

அடுத்த வாரங்களில் அந்தப் பெரிய கல்லை நிமிடம் நிமிடமாகச் சொன்னார். அது கொடுமையாக இருந்தது. இடையில் ஒரு வாரம் வரவே இல்லை. சொல்லத் தொடங்கும் காலத்தில் கனவுகள் கூடுவதும், வேண்டாமென்று தோன்றுவதும் சகஜம். ஆனால் அமர்வு முடிந்து வீட்டுக்குப் போகையில் நிலைகுலைந்தபடியே போனால், வேகத்தைக் குறைக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

யாரிடம் போவது? அரசு மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். இலங்கையில் உளவளத்துணையாளர் என்று கேளுங்கள். தனியாரிடம் போனால், மனவடு சிகிச்சையில் என்ன பயிற்சி பெற்றிருக்கிறீர்கள் என்று கூசாமல் கேட்கலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்கவேண்டும். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லச் சொல்பவர், மூன்று நாளில் குணம் என்பவர், உங்களைக் கெடுத்தவரை உடனே மன்னிக்கச் சொல்பவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுந்து வந்துவிடுங்கள். மன்னிப்பு சிகிச்சையின் நிபந்தனை அல்ல.

மருந்தும் துணைசெய்யும். செர்ட்ராலின், பராக்சிட்டின் போன்றவை மனவடுவுக்குப் பயன்படுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தேறியதும் தானாக நிறுத்தக்கூடாது. கோயிலில் திருநீறு போடுவதையும் தர்காவில் ஓதிப்பார்ப்பதையும் நான் தடுப்பதில்லை. சங்கிலியால் கட்டிவைப்பதையும் அடித்து விரட்டுவதையும் கண்டால் கட்டாயம் தடுப்பேன்.

ஐந்தாம் படி: ‘என்னால்தான்’

சொல்லும்போது ஒரு கட்டத்தில் அடியில் கிடப்பது மேலே வரும். பெரும்பாலும் அது பயம் அல்ல, குற்றவுணர்வு. அந்தப் பெண்ணின் மூத்த பையனுக்கு அப்போது நான்கு வயது. தண்ணீர் வந்தபோது அவன் கை இவர் கைக்குள் இருந்தது. பிறகு இல்லை. “நான் விட்டுவிட்டேன் அக்கா.” இந்த மூன்று சொற்கள் வெளியே வர இருபது வருடம் ஆனது.

இந்த இடத்தில் எல்லோரும் அவசரப்பட்டு “உன் தப்பு இல்லை” என்பார்கள். அது காதில் விழாது. அதற்கு முன் ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள். சிகிச்சையில் செய்வது வேறு: மெதுவாக, ஒவ்வொரு நொடியாகக் கேட்பது. தண்ணீர் எந்த உயரம் இருந்தது? கழுத்துக்கு மேல். நீங்கள் எதைப் பிடித்திருந்தீர்கள்? எதையுமில்லை, கால் தரையில் இல்லை. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. அன்று வந்த தண்ணீர் படகுகளைத் தூக்கி வீட்டுக் கூரைமேல் வைத்துவிட்டுப் போயிற்று. அதன் எதிரில் ஒரு பெண்ணின் ஐந்து விரல். விட்டாரா, பிடுங்கப்பட்டதா? இந்தக் கேள்வியை நாம் கேட்டு நாமே பதில் சொல்லக்கூடாது. அவராகவே ஒருநாள் சொல்லவேண்டும். அவர் சொன்னபோது விம்மவில்லை. விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டே, “நான் விடவில்லை” என்றார்.

சிலருக்கு இந்தக் குற்றவுணர்வே ஊன்றுகோலாக இருக்கும். ‘என் தவறு’ என்றால், நான் வேறு மாதிரி செய்திருந்தால் தடுத்திருக்கலாம் என்றாகிறது. யாராலும் தடுத்திருக்க முடியாது என்பது அதைவிடப் பயங்கரம். அதனால் சட்டென்று பிடுங்காதீர்கள். நிற்கக் கால் வந்தபின் ஊன்றுகோல் தானாக விழும்.

ஆறாம் படி: ஒதுக்கிய இடங்களுக்குத் திரும்புதல்

ஒதுங்குவது அப்போதைக்கு நிம்மதி தரும். அதனாலேயே பயம் சாகாமல் பிழைத்துக்கிடக்கிறது. படிக்கட்டு கட்டுங்கள். எதற்கு எவ்வளவு பயம் என்று 0 முதல் 100வரை மதிப்பெண் போட்டு, குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். இந்தப் பெண்ணுக்குக் கடலின் படம் 30, கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போவது 50, மணலில் நிற்பது 80, அலை காலில் படுவது 100. ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, உச்சிக்குப் போய், பாதியாகத் தானே இறங்கும்வரை அங்கேயே இருக்கவேண்டும். பாதியில் ஓடிவந்தால் பயம்தான் ஜெயித்ததாகும். அவர் மணல்வரை போனார். அலையைத் தொடவில்லை. ‘அது எனக்கு வேண்டாம்’ என்றார். வேண்டாம் என்பதற்கும் முடியாது என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

உண்மையிலேயே ஆபத்தான இடத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். துன்புறுத்திய சித்தப்பாவின் வீட்டு விசேஷத்துக்குப் போய்த்தான் பயத்தை வெல்லவேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார்.

உடல் கிடைக்காதவர்கள்

இவர்களுக்கு மேலே சொன்ன வரிசை முழுதாகப் பொருந்தாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் போன கன்னியாகுமரி மீனவர்களில் பலர் திரும்பவே இல்லை. இலங்கையில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார்கள் 2017 தொடக்கத்திலிருந்து, போரில் காணாமற்போன பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். முடிந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லலாம் என்றால், முடிந்ததா என்று இங்கே யாருக்கும் தெரியாது. இவர்களிடம் “ஏற்றுக்கொள்” என்பது, பிள்ளையைக் கைவிடு என்று சொல்வதற்குச் சமம். திதி கொடுப்பதா, பொட்டை அழிப்பதா என்ற முடிவு அவர்களுடையது. ஒரே மனத்தில் ‘வருவான்’, ‘வரமாட்டான்’ இரண்டுக்கும் இடம் கொடுத்துக்கொண்டே சமைக்க, சிரிக்க, பேரப்பிள்ளையைக் கொஞ்சப் பழகுவதுதான் இங்கே ஆறுதல். அதே நிலையிலிருக்கும் மற்றவர்களோடு கூடி உட்காருவது மருந்தைவிட உதவுகிறது.

வீட்டிலிருப்பவர்களுக்கு

பின்னாலிருந்து தொடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு எதிரில் வாருங்கள். எந்தச் சத்தம், எந்த வாசனை, எந்த மாதம் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். “இன்னுமா அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாய்” என்ற சொல்லை வீட்டைவிட்டே வெளியேற்றுங்கள். கேள்வி கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தாலே போதும். பார்த்துக்கொள்கிறவருக்கும் தூக்கம் வேண்டும், முறை வைத்துக்கொள்ளுங்கள்.

தேறியபிறகும் அந்தத் தேதி வரும்போது சில நாட்கள் கலங்கும். நோய் திரும்பிவிட்டதாக நினைக்கவேண்டாம். அந்த வாரத்துக்கு முன்பே வேலையைக் குறைத்து, துணைக்கு ஆள் வைத்து, செய்யவேண்டிய சடங்கைச் செய்துவிட்டால் கடந்துவிடும்.

சென்ற மார்கழியில் அந்தக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். இரவு பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தொட்டி நிரம்பிச் சுவரோரம் கொட்டத் தொடங்கியது. அவர் பேச்சு நின்றது. கை முந்தானை முடிச்சைத் தேடியது, எலுமிச்சை வாசனை எனக்கும் வந்தது. இரண்டு மூச்சு. பிறகு எழுந்து ஜன்னல் ஓரம் போய், “அக்கா, மோட்டாரை நிறுத்துங்கள், தண்ணீர் வீணாகிறது” என்று குரல் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “எங்கே விட்டேன்?” என்றார்.